அலசக் கூடாத வாளி

வெஸ்ட் வின்ட்சரிலிருந்தும் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கிலிருந்தும் வந்து இந்தக் கூடத்தில் அமர்ந்திருக்கும் நண்பர்களே, தங்கை கோமதி அவர்களே, உங்கள்முன் ஒரு முறையீட்டோடு நிற்கிறேன். மறைந்த என் நண்பனின் பெயர்மேல் ஒரு பழி கிடக்கிறது. சென்ற ஞாயிற்றுக்கிழமை அவன் படத்துக்கு மாலை போட்ட கையோடு நாம் அந்தப் பழியைச் சொல்லிச் சிரித்தோம். "எல்லாத்தையும் பர்ஃபெக்டா பண்ணுவான், அந்த பிக்னிக் பீரைத் தவிர" என்றான் நம் நண்பன் சேகர். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மனைவி கோமதியும் சிரித்தார். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பு முறையற்றது. அது முறையற்றது என்று இந்தக் கூடத்தில் அறிந்தவன் நான் ஒருவனே.

இரங்கலுரை ஆற்றச் சொன்னீர்கள். உரை எதுவும் கொண்டுவரவில்லை. அவனுக்கு ஒரு மடல் எழுதியிருக்கிறேன். அவனுக்காகப் படிக்கிறேன். நீங்கள் உடனிருந்து கேளுங்கள்.

நண்பா,

இன்று காலை உன் வீட்டு நடைபாதை ஓரத்தில், குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில், உன் வெள்ளை வாளி நின்றது. 'ஃப்ரீ' என்று எழுதிய தாள் ஒன்று அதன்மேல் ஒட்டியிருந்தது. உன் பெரிய கொதிகலத்தையும் குழாய்களையும் புட்டிகளுக்கு மூடி அடிக்கும் கருவியையும் சேகர் எடுத்துச் சென்றுவிட்டான். இதை மட்டும் விட்டுவிட்டான். "அந்த பக்கெட் மட்டும் வேணாம் அண்ணி, அது ராசியில்லாதது" என்றானாம். நான் வண்டியை நிறுத்தி, இறங்கி, மூடியைத் திறந்தேன். முளைகட்டி வறுத்த வாற்கோதுமையின் மணம் எழுந்தது. உன் கராஜின் மணம் அது. 'ஊர்திக் கொட்டகை' என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் நீ சிரிப்பாய். உன் சொல்லே இருக்கட்டும்.

மதுவை எதிர்த்து மேடைதோறும் முழங்கியவன் நான். நீயோ உன் வீட்டிலேயே பியர் செய்தவன். நம் இருவருக்கும் இடையில் நட்பு எப்படி நிலைத்தது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அதற்கு நீ தந்த விடை எளியது. "மேடையில என்ன வேணா திட்டிக்கோ. சனிக்கிழமை காலைல வந்து பாத்திரம் கழுவிக் குடு." ஒருமுறை நான், "நீ காய்ச்சும் அந்தப் பானம்" என்று தொடங்கியபோது இடைமறித்தாய். "காய்ச்சுறதுன்னு சொல்லாதடா. மலையடிவாரத்துல பானையைப் புதைச்சு வச்சிருக்கிற மாதிரி இருக்கு. ப்ரூ பண்றேன்னு சொல்லு." நான் சொல்ல மறுத்தேன். நீயும் விடவில்லை. பாத்திரங்கள் மட்டும் பளபளத்தன.

ஏன் என்னிடம் அந்த வேலையைத் தந்தாய் என்பதை நான் இன்றும் மறக்கவில்லை. "மத்தவனுங்க எல்லாம் ப்ரூ பண்ணும்போதே ஒரு பாட்டிலைத் திறந்துடுவானுங்க. இவன் குடிக்க மாட்டான். இவன் கை தெளிவா இருக்கும்" என்று எல்லார் முன்னாலும் சொன்னாய். குடிக்காதவன் என்பதாலேயே என்னை நம்பினாய்.

மருந்து ஆலையில் கலங்களின் தூய்மையைச் சோதித்துக் கையெழுத்திடுவது உன் தொழில். வீட்டிலும் நீ அந்தக் கையெழுத்துக்காரன்தான். கொதித்து ஆறிய வாற்கோதுமைச் சாறு எதைத் தொடுகிறதோ அதெல்லாம் முதலில் தொற்று நீங்கியிருக்க வேண்டும்: வாளி, மூடி, குழாய், கரண்டி, உன் கை. சோப்புப் போட்டுக் கழுவிய பிறகு, தொற்றுநீக்கி கலந்த இன்னொரு நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டுவாய். அது வாளியின் சுவரெங்கும் வெண்ணுரையை விட்டுச் செல்லும். "இதுக்கு மேல தண்ணி படக்கூடாது. ரின்ஸ் பண்ணாதே. நுரை அப்படியே இருக்கட்டும், அது ஒண்ணும் செய்யாது" என்பாய். நான் முகத்தைச் சுளிப்பேன். "கழுவறது கண்ணுக்குத் தெரியற அழுக்குக்கு. இது தெரியாததுக்கு" என்று முடிப்பாய். கேட்டுக்கொண்டேன். ஆனால் நம்பவில்லை. அதுதான் என் குற்றத்தின் தொடக்கம்.

கோடை பிக்னிக்குக்காக நீ பியர் செய்த அந்தச் சனிக்கிழமையை நினைத்துப் பார். நம் குடும்பங்கள் எல்லாம் கூடும் நாளுக்கு முதன்முறையாக நீ கொண்டுவரப்போகும் பியர் அது. தமிழ்ப்பள்ளி விழா ஒத்திகையிலிருந்து நேரே வந்திருந்தேன். வேட்டி கட்டியிருந்தேன், தோளில் துண்டு. "என்னடா, பிரச்சாரத்துக்குப் போற மாதிரி பாத்திரம் கழுவ வந்திருக்கே" என்றாய். வாளியில் அந்த நீரை ஊற்றிச் சுழற்றிக் கொட்டினாய். நுரை நின்றது. அப்போது உள்ளேயிருந்து கோமதி, "உங்கம்மா லைன்ல இருக்காங்க" என்று கூப்பிட்டார். "அஞ்சு நிமிஷம்டா. அதைத் தொடாதே" என்று சொல்லிவிட்டுப் போனாய்.

அந்த ஐந்து நிமிடம் இருபது ஆனது. நானும் நுரையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். நுரையோடு கவிழ்த்த பாத்திரம் எங்கள் வீட்டில் கழுவாத பாத்திரம். விரலால் தேய்த்தால் கிறீச்சிடும்வரை அலச வேண்டும், அப்படித்தான் வளர்ந்தேன். என் நண்பன் பேச்சுவாக்கில் மறந்துவிட்டான், பிக்னிக்கில் அத்தனை குடும்பமும் சோப்பைக் குடிக்கப்போகிறது, அவன் மானத்தை நான் காக்கிறேன் என்று எண்ணினேன். வாளியை வாசலுக்குத் தூக்கிச் சென்றேன். புல்தரையில் வெயிலில் கிடந்த தோட்டக் குழாயைத் திறந்து மூன்று முறை அலசினேன். ஈரம் இருக்கக் கூடாதென்று என் தோள் துண்டால் உட்புறம் முழுதும் துடைத்தேன். மூடியைப் போட்டு, இருந்த இடத்தில் வைத்தேன். ஒரு நற்செயல் செய்தவனின் நிறைவோடு நின்றேன்.

நீ வந்தாய். மூடியைத் திறந்து பார்த்தாய். "நுரை அடங்கிடுச்சா? சே, நான்தான் பேசிட்டே இருந்துட்டேன். சரி, மூடிதானே இருந்துச்சு" என்று நீயே கேள்வியும் விடையும் சொல்லிக்கொண்டு சாற்றை ஊற்றினாய். நான் எதுவும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது என்றே அப்போது எனக்குத் தெரியாது. அதுவரை நான் பிழை செய்தவன்தான், பொய்யன் அல்லன்.

சாறு வாரக்கணக்கில் வாளியில் நொதித்துப் பியராகிப் புட்டிகளில் ஏறியது. பிக்னிக் நாள் வந்தது. முதல் புட்டியைச் சேகர் திறந்தான். அது பொங்கி அவன் சட்டையை நனைத்தது. ஒரு வாய் குடித்துவிட்டுத் துப்பினான். "டேய், இது பீரா, ரெண்டு நாள் பழைய சோத்துத் தண்ணியா?" சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சேகர் விடவில்லை. "நீ கிளீனிங் செக் பண்ற மாத்திரை எதுன்னு சொல்லிடு, நாங்க வாங்காம இருக்கோம்." நீயும் சிரித்தாய். ஆனால் உன் காதுமடல் சிவந்ததைப் பக்கத்தில் நின்ற நான் பார்த்தேன்.

அதன்பின் நீ காரணம் தேடினாய். கராஜ் ஓர் ஆய்வுக்கூடம் ஆயிற்று. குழாய்களை நீளவாக்கில் வெட்டி விளக்கொளியில் பார்த்தாய். வாளியின் உள்ளே கீறல் இருக்கிறதா என்று விரல் நுனியால் தடவினாய். "குழாய்த் தண்ணி ஒரு சொட்டு பட்டாலே போதும், அதுவும் அந்தத் தோட்டத்து ஹோஸ், உள்ள என்னென்ன வளருதோ" என்று நீ சொன்ன நொடியில் எனக்கு எல்லாம் விளங்கியது. உடனே என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டாய்: "அன்னைக்கு நான் உள்ள போனப்ப எதாவது ஆச்சா?"

"இல்லை" என்றேன்.

மணிக்கணக்கில் பேசிப் பழகிய என் வாழ்நாளில் நான் ஆற்றிய மிகச் சிறிய உரை அது. அதை எண்ணி வெட்கப்படுமளவுக்கு வேறெந்த உரையை எண்ணியும் நான் வெட்கப்பட்டதில்லை. ஏன் சொன்னேன்? மதுவைத் திட்டுகிறவன் வேண்டுமென்றே பியரைக் கெடுத்துவிட்டான் என்று சேகர் ஊரெல்லாம் சொல்வான் என்று அஞ்சினேன். என் பெயரைக் காக்க உன் பெயரைக் கொடுத்தேன்.

அதே வாளியில், அதே குழாய்களோடு, நீ மீண்டும் செய்து பார்த்தாய். நன்றாக வந்தது. இன்னொரு முறை செய்தாய். அதுவும் நன்றாக வந்தது. வேறொருவன் மகிழ்ந்திருப்பான். நீ மகிழவில்லை. பொருள்களில் குற்றமில்லை என்றால் குற்றம் ஆளிடம்தான் என்று முடிவுகட்டினாய். அதன்பின் யாருக்கும் உன் பியரைத் தந்ததில்லை. கேட்டவர்களுக்குக் கடையில் வாங்கிக் கொடுத்தாய். சனிக்கிழமை காலைகளில் கைப்பேசியை அணைத்து வைத்தாய். ஊருக்குப் போயிருந்தபோது உன் அம்மாவைப் பார்த்தேன். "சனிக்கிழமை ஆனா போனே எடுக்க மாட்டேங்கிறான் தம்பி, அவ்வளவு வேலையா?" என்று கேட்டார். அவருக்கும் நான் உண்மையைச் சொல்லவில்லை.

மருத்துவமனையில் உன் அறை வாயிலில் கைகழுவும் நுரைப்பெட்டி ஒன்று சுவரில் இருந்தது. நான் கையை நீட்டினேன். உள்ளங்கையில் வெண்ணுரை விழுந்தது. தேய்த்தேன். அது தானே உலர்ந்தது. அதை அலச யாரும் குழாயைத் தேடி ஓடவில்லை. நானும் ஓடவில்லை. இப்போது சொல்லிவிடலாம் என்று உன் கட்டிலருகே அமர்ந்தேன். "பேச்சாளரே, எதாவது பேசுடா. இங்க டிவி கூட வேலை செய்யல" என்றாய். நீ உறங்கும்வரை பேசினேன். தேர்தலைப் பற்றிப் பேசினேன். தமிழ்ப்பள்ளிக்கு இடம் கிடைக்காததைப் பற்றிப் பேசினேன். வாளியைப் பற்றிப் பேசவில்லை. அடுத்த முறை நான் வந்தபோது நீ இல்லை.

சென்ற வாரம் கோமதி உன் குறிப்பேட்டைப் புரட்டிக் காட்டினார். ஒவ்வொரு முறைக்கும் ஒரு பக்கம். எவ்வளவு வெப்பம், எத்தனை நாள், என்ன சுவை. பிக்னிக் பக்கத்தின் அடியில் உன் சிறிய எழுத்தில் இரண்டு வரிகள்: "காரணம்: என் அலட்சியம். ஃபோனில் நேரம் போய்விட்டது."

பெற்ற தாயோடு இருபது நிமிடம் பேசியதைக் குற்றமென்று எழுதிவைத்துவிட்டுப் போயிருக்கிறாய் நண்பா. நீ எதையும் சோதிக்காமல் எழுதாதவன். எல்லாவற்றையும் சோதித்தாய், என்னை மட்டும் சோதிக்கவில்லை.

அந்தத் துண்டு இப்போதும் என் தோளில்தான் கிடக்கிறது. எத்தனையோ முறை வெளுத்தாயிற்று, பார்வைக்குத் தூய்மையாகவே இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாததைப் பற்றி நீ சொன்னதை, அதைத் தோளில் போடும்போதெல்லாம் நினைத்துக்கொள்கிறேன். இன்று மேடை ஏறும்போதும் நினைத்துக்கொள்வேன். இந்த மடலை நான் அலசவில்லை, நண்பா. உள்ளது உள்ளபடியே இருக்கிறது.

அவையோரே, மடல் முடிந்தது. இனி உங்களிடம் பேசுகிறேன்.

அந்த பியர் கெட்டது என் கையால். அவன் கையால் அல்ல. இதை வீட்டுக்குப் போய் எண்ணிப் பார்க்கச் சொல்லி நான் கேட்கவில்லை. இங்கேயே, இப்போதே சிலவற்றைச் செய்யக் கேட்கிறேன்.

சேகர், வாளி என் காரில் இருக்கிறது. அதில் ராசிக் குறை எதுவுமில்லை. போகும்போது அதை உன் வண்டியில் ஏற்று. வரும் சனிக்கிழமை அதில் பியர் செய். நான் குடிக்கப்போவதில்லை, ஆனால் தொற்று நீக்க வருவேன். துண்டில்லாமல் வருவேன். நுரை நுரையாகவே இருக்கும்.

கோமதி, இன்றே அவன் அம்மாவை அழைத்துச் சொல்லுங்கள், மகன் சனிக்கிழமைகளில் ஏன் பேசவில்லை என்று. உங்களால் முடியாவிட்டால் எண்ணை அழுத்தி என்னிடம் தாருங்கள். நான் சொல்கிறேன்.

அந்தக் குறிப்பேடு உங்கள் பையில் இருப்பது எனக்குத் தெரியும். பேனா என்னிடம் இருக்கிறது. பிக்னிக் பக்கத்தைத் திறந்து மேசைமேல் வையுங்கள். அந்த இரண்டு வரிகளை அடித்துவிட்டு நான் என் பெயரை எழுத வேண்டும். சேகர், எழுந்து வா. நான் எழுதியதும் அதை உரக்கப் படி.