கொக்கி மாட்டியாச்சு, மச்சான்

அன்பு மச்சான் ராமையாவுக்கு,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள். நாற்பது வருஷம் லோரி ஸ்டீயரிங் பிடித்த கை, பேனாவையும் அப்படியே இறுக்கிப் பிடிக்கிறது. ஆமாம், நானேதான் எழுதுகிறேன். பிரிக்பீல்ட்ஸ் கோயில் மண்டபத்தில் வாரம் இரண்டு நாள் எழுதப் படிக்க வகுப்பு. "வாசிக்கிறத நான் பாத்துக்கிறேன், நீ ரோட்டப் பாருடா" என்பாயே. நீ கண்ணை மூடிய பிறகு யார் பார்ப்பது? நீ எனக்கு வாசித்துக் காட்டிய அதே ஞாயிறு பத்திரிகைக்குத்தான் இதை அனுப்பப் போகிறேன்.

சேதி இதுதான். உன் மகள் விஜயா பறந்துவிட்டாள். விமானத்தில் இல்லை. பெரிய துணி இறக்கைக்குக் கீழே ஒரு கொக்கியில் தொங்கிக்கொண்டு, பந்திங் பக்கத்துக் குன்றிலிருந்து, தனியாக. கிளைடர் என்கிறார்கள். அதை லோரியில் மேலே ஏற்றிப் போவது நான்.

பறக்கும் முன் சரிபார்க்க வேண்டியதை எனக்காகத் தமிழில் எழுதிக் கொடுத்திருந்தாள். ஏழு வரி. நான் வாசிப்பேன், அவள் தொட்டுப் பார்த்து "ஆச்சு" என்பாள். போன ஞாயிறு எல்லாம் ஆச்சு, காற்றுதான் நின்றுவிட்டது. வெயிலில் நிற்கிறாளே என்று, "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்மா" என்று கூப்பிட்டவன் நான். கொக்கியைக் கழற்றிவிட்டு வந்து குடித்தாள்.

பாதிக் கோப்பையில் காற்று வந்துவிட்டது. ஓடிப்போய் இறக்கையைத் தூக்கிக்கொண்டாள். இறக்கை ஆடாமல் அதன் முன்கம்பியைப் பிடித்திருந்தவன் நான். நான் விலகினால்தான் அவள் ஓட முடியும். காகிதத்தை எடுத்தேன்.

"மாமா, அதான் படிச்சாச்சே."

"இன்னொரு தடவ படிக்கிறேன்."

"அங்கிள், காத்து போயிடும் லா," என்றார் பயிற்சி கொடுக்கும் சிவா. "கடைசி வரிய மட்டும் படிங்க."

"நடுவுல ஆரம்பிக்க எனக்கு வராது தம்பி. மேல இருந்துதான் வரும்."

சிவா சிரித்தார். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். தலைக்கவசம். ஆச்சு. கம்பிகள். ஆச்சு. ஐந்தாவது வரி, முதுகுக் கொக்கி. அவள் கை முதுகுக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தது. கொக்கி சும்மா ஆடிக்கொண்டிருந்தது. அப்படியே ஓடியிருந்தால், வானத்தில் அவளைத் தாங்க அவளுடைய இரண்டு கைகள் மட்டும்தான்.

சிவாவே மாட்டினார். அவளைத் தொங்கவிட்டு, கொக்கி பாரம் தாங்குகிறதா என்று பார்த்தார். பிறகு, "அங்கிள், முதல்லேருந்து படிங்க," என்றார், மெதுவாக. மறுபடியும் படித்தேன். ஏழுக்கும் "ஆச்சு" கேட்ட பிறகு விலகினேன்.

நாலைந்து அடி ஓடினாள், அவ்வளவுதான், தரை கீழே போய்விட்டது. பயந்தேனா? இல்லை மச்சான். ஏழு வரியையும் நானே படித்திருந்தேன். செம்பனைத் தோட்டத்துக்கு மேலே ஒரு வட்டம் போட்டு, கீழே திடலில் இறக்கையின் மூக்கைத் தூக்கி, இரண்டடி வைத்து நின்றாள். இறக்கையை இறக்கி வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்தாளே, அசல் நீதான். உனக்கும் தெரிந்ததா?

லோரி கீழே போய்ச் சேர்ந்ததும், "மாமா, மீதித் தேத்தண்ணி எங்க?" என்று கேட்டாள். ஆறிப்போயிருந்தது. குடித்தாள்.

கொக்கி விஷயம் என் தங்கச்சிக்கு இன்னும் தெரியாது. பத்திரிகையில் வந்தால் தெரிந்துவிடும். திட்டு எனக்குத்தான், வாங்கிக்கொள்கிறேன்.

வருகிற ஞாயிறு மறுபடியும் பறக்கிறாள். இனி தேத்தண்ணி திடலில் இறங்கின பிறகுதான். அவள் கால் தரையில் பட்டதும் உனக்கு எழுத உட்காருவேன்.

உன் வீட்டுக்காரியின் அண்ணன், உன் மகளின் தாய்மாமன்,
சுப்பையா