வேண்டாத மென்பொருளுக்குப் பதின்மூன்று பொன்

“அக்காளுக்கு வாய்ப்பதெல்லாம் உனக்கு ஏனம்மா வாய்ப்பதில்லை?” என்று ஏழு வயதில் செவிலித்தாயால் வினவப்பெற்று, அவ்வினாவை முப்பது ஆண்டுகளாக மறவாதவரும், காவிமலை நாட்டுக்கும் அதன் ஒன்பது ஏரிகளுக்கும் உரியவரும், தமக்கையின் நாட்டைவிடச் சிறிய நாட்டை ஆண்டாலும் அதைவிட அதிக மழை பெறுபவருமாகிய அரசி வல்லபை நங்கையாரின் ஆணைப்படி, அமைச்சர் காரி நக்கனார் எழுதுவிக்கும் ஓலை.

ஆழியூர்த் துறையில் கணினி விற்கும் வணிகச் சாத்தின் தலைவர் பெருஞ்சேந்தனார் காண்க. உம் கலங்கள் பழுதின்றிக் கரை சேர்க. உம் துறை மணல் மேடிடாதிருக்க. அத்துறை எம் அரசியாரின் தமக்கை எழினிமாதேவியாருக்கு உரியதாயினும் இவ்வாழ்த்தில் யாம் குறை வைக்கவில்லை.

சென்ற தைத் திங்களில் உம் கலத்தில் வந்த இரு கணினிகளுள் ஒன்றை ஆழியூர் அரண்மனையும் மற்றொன்றை எம் அரண்மனையும் கொண்டன. ஏரி மதகுகளைத் திறக்கும் முறைநாள்களை எழுதிவைப்பதற்கே எம் அரசியார் அதனை வாங்கினார். திறந்து பார்த்தால், அவர் கேளாத மூன்று மென்பொருள்கள் அதனுள் முன்னமே குடியேறியிருந்தன. ஒன்று, காவலன் என்று தன்னைச் சொல்லிக்கொண்டு, நாழிகைக்கொரு முறை திரையின் நடுவே எழுந்து, தன் காவற்காலம் முடியப்போவதாக அச்சுறுத்துகிறது. மற்றொன்று சீட்டாட அழைக்கிறது. மூன்றாவது எதற்கென்று எம் அவையில் ஒருவருக்கும் விளங்கவில்லை. இம்மூன்றுக்குமாகப் பன்னிரண்டு பொன்னை விலையோடு சேர்த்திருந்தீர். வேண்டாதவர் உடன்படிக்கைக்கு இசையாது விட்டால் அப்பொன்னைத் திரும்பப் பெறலாம் என்றும் உம் சீட்டில் பொடியெழுத்தில் பொறித்திருந்தீர்.

எம் அரசியார் இசைந்துவிட்டார். அது நேர்ந்த விதத்தை நீர் அறிய வேண்டும். புதிய பொருளொன்று வீட்டுக்குள் வந்த நாளில் அதன் முன்னே மறுப்புச் சொல் கூறினால் திருமகள் வாசலோடு திரும்பிவிடுவாள் என்பது எங்கள் இரு நாட்டுக்கும் பொதுவான நம்பிக்கை. கணினிக்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, விளக்கேற்றி, அவையோர் சூழ நின்றபோது, “இசைகிறீரா?” என்று திரை கேட்டது. எம் அரசியார் வேறென்ன செய்வார்? இசைகிறேன் என்ற பொத்தானை அழுத்தினார். அவையோர் குலவையிட்டனர். காவலன் குடியேறிவிட்டான்.

அதையும் அவர் பொறுத்திருப்பார். ஆனால் ஆழியூரிலிருந்து மடல் வந்தது. எழினிமாதேவியார் கணினியைத் தம் அரண்மனைக்குள்ளேயே கொணரவில்லையாம். துறைமுகத்து மண்டபத்தில் வைத்து, உம் கணக்கனையே அழைத்து, அவன் விரலாலேயே இசையேன் என்ற பொத்தானை அழுத்தச் செய்தாராம். வழக்கமும் கெடவில்லை, பன்னிரண்டு பொன்னும் திரும்பி வந்ததாம். மடலின் கடைசியில், “அடி வல்லபை, உனக்குத் தலையாட்டத்தானே தெரியும்! தலையாட்டிப் பொம்மை கொடுத்த பொன்னைத் திரும்பக் கேட்குமோ?” என்று எழுதியிருந்தார்.

அன்று முதல் எம் அரசியாருக்குச் சோறு இறங்கவில்லை. காவலன் திரையில் எழும்போதெல்லாம் தமக்கையின் முகமே எழுவதாகக் கூறுகிறார். பொன் போனதைவிட, அந்த உபாயம் தமக்குத் தோன்றாமற்போனதே அவர் நெஞ்சை அறுக்கிறது. உம்மிடம் ஆள் விடுத்தோம். இசைந்தது இசைந்ததே என்று உம் கணக்கன் கைவிரித்தான்.

ஆகவே கேளும். எம் அரசியார் இசைந்தது திருமகளுக்கு, உம் காவலனுக்கன்று. அவன் பணியை ஒருநாளும் அவர் கொள்ளவில்லை, சீட்டும் ஆடவில்லை. எனவே அம்மூன்றையும் அகற்றி, அவற்றின் விலையாகப் பதின்மூன்று பொன் தருவீராக. பன்னிரண்டு கேட்பதே முறையென்று யாம் எடுத்துரைத்தோம். “முறைப்படி அவள் வாங்கிக்கொண்டாள் அல்லவா? எனக்கு அதைவிட ஒன்று கூட வேண்டும், எழுதுங்காணும்!” என்று அரசியார் பணித்தமையால் அவ்வாறே எழுதப்பட்டது. அந்த ஒரு பொன்னைத் தரும்போது ஆழியூரார் காணத் தர வேண்டும் என்றும், எழினிமாதேவியார் பிறந்த நாள் முதல் பிறர் பங்கையும் சேர்த்து உண்டே வளர்ந்தவர் என்றும் எழுதச் சொன்னார், எழுதினோம்.

இவ்வளவு எழுதி முடிந்த வேளையில் எழினிமாதேவியார் படகில் வந்து, முன்னறிவிப்பின்றி ஓலைக்கூடத்துள் புகுந்தார். எழுத்தாணி கீறிய ஓலையை முறிப்பது எம் நாட்டு வழக்கமன்று ஆதலால், நிகழ்ந்ததையும் இதிலேயே எழுதுகிறோம்.

அவர் கையில் உம் முத்திரையிட்ட பொற்கிழி இருந்தது. “தங்கை உண்ணவில்லையாமே?” என்று எம்மிடம் கேட்டவாறே, ஈரம் உலராத மஞ்சள் பூசிய இவ்வோலையைக் கையிலெடுத்தார். வாழ்த்து முதல் கடைசி வரி வரை படித்தார். அப்போது எம் அரசியார் உள்ளே வந்தார். தமக்கையின் கையில் ஓலையைக் கண்டு நிலைவாயிலிலேயே நின்றுவிட்டார். எழினிமாதேவியார் ஓலையை இருந்த இடத்திலேயே வைத்து, அதன்மேல் கிழியை வைத்தார். கிழியில் கட்டியிருந்த சீட்டில், ஆழியூர் அரசியாருக்குத் திருப்பிய பன்னிரண்டு பொன் என்றிருந்தது. அது அவருடைய பொன். எம் அரசியாருக்காக நீர் தந்ததன்று.

“இதிலுமா அவள் முந்திக்கொள்ள வேண்டும்?” என்று எம் அரசியார் எம்மிடம் கூறிய சொல்லையும், அவர் விலக்காமையால், பொறிக்கிறோம்.

பெருஞ்சேந்தனார்க்கு இறுதி ஆணை இது. பதின்மூன்று வேண்டா. எம் கணினிக்குரிய பன்னிரண்டு பொன்னைக் கொடும். கொடுப்பதை எம்மிடம் அனுப்பாது, தமக்கையார் வைத்த கிழிக்கு ஈடாக ஆழியூர்க் கருவூலத்தில் சேர்த்து, வல்லபை அனுப்பியது என்று மட்டும் சொல்லும்.

காவிமலைத் தாமரை முத்திரை இடப்பட்டது. கதிரும் திங்களும் உள்ளளவும் இவ்வாணை நிற்க.

இவ்வோலை எழுதப்பட்டதற்கு அறிவோர்: அமைச்சர் காரி நக்கனார், ஒப்பமிட்டார். அரசி வல்லபை நங்கையார், ஒப்பமிட்டார். ஆழியூர் எழினிமாதேவியார், எழுத்தாணியை நீட்டியும் வாங்காமல், தங்கையை ஒருமுறை பார்த்துப் படகேறிச் சென்றார்.