ஓடை தாண்டி வந்த ஓட்டு

ஆல்டர் ஓடை, மொண்டானா
1948 நவம்பர் 7, ஞாயிறு

என் செல்ல மகள் தோராவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் உன் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், மாடுகளுக்கு வந்த குளம்பு நோயும் ஆறிவிட்டது. யோகோஹாமாவில் உன் இருமலும் நின்றுவிட்டது என்று நீ எழுதினால்தான் எங்கள் சுகம் முழுசாகும். போன கடிதத்தில் இருமலுக்கு ஒரே வரி, ஆஸ்பத்திரிக் குழந்தைகளுக்கு இரண்டு பக்கம். நர்ஸ் வேலை பார்ப்பவளுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. பச்சைக் கம்பளியில் காலுறை பின்னி வைத்திருக்கிறேன், கிறிஸ்துமஸ் பார்சலில் வரும்.

இங்கே தேர்தல் முடிந்தது, குடியரசுக் கட்சி டூயியைத் தோற்கடித்து எங்கள் ட்ரூமன் ஜெயித்தது உனக்கு அங்கேயே தெரிந்திருக்கும். ஆனால் நம் பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்து எந்தப் பத்திரிகையிலும் வராது, அதனால் நான் எழுதுகிறேன். இந்தத் தடவையும் ஓட்டுப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஜனநாயகக் கட்சி சார்பில் என்னையும் குடியரசுக் கட்சி சார்பில் லொவினாவையும் போட்டிருந்தார்கள். லொவினா வீட்டுக்காரர் வெண்டெல் காஃப்னியும் உன் அப்பாவும் வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில் பேச்சை நிறுத்தி நாலு வருஷம் ஆகிறது. ஓடைக்கு அந்தக் கரையிலும் இந்தக் கரையிலும் நின்று வேலை செய்தாலும் குதிரையோடு பேசுவார்களே தவிர ஒருவரோடு ஒருவர் பேச மாட்டார்கள். இதற்கு நடுவில் ஓடைக்குக் கல்பாலம் கட்ட வரி போடலாமா என்ற கேள்வியும் இந்த வருஷம் அதே ஓட்டுச் சீட்டில் இருந்தது. உன் அப்பா கோடை முழுவதும் வீடு வீடாய்ப் போய்ப் பாலத்துக்கு ஆதரவு கேட்டார். வெண்டெலோ, எங்க தாத்தா காலத்துப் பலகைப் பாலமே போதும், எவனோ வண்டி ஓட்ட நான் எதுக்கு வரி கட்டணும் என்று தீவனக் கடையில் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தார்.

செவ்வாய்க்கிழமை விடிந்ததிலிருந்து மழையும் பனியும் கலந்து கொட்டியது. லொவினா காலையிலேயே வந்துவிட்டாள், வெண்டெல் கறவை முடித்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். மத்தியானம் ஓடை பொங்கி வந்து அந்தத் தாத்தா காலத்துப் பலகைப் பாலத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பள்ளிக்கூட ஜன்னலில் பார்த்தால் அக்கரையில் வெண்டெல் நிற்கிறார், நல்ல கோட்டு, நல்ல தொப்பி, ட்ரூமனுக்கு எதிராகவும் பாலத்துக்கு எதிராகவும் ஓட்டுப் போட வந்த மனுஷன் பாலம் இல்லாமல் நிற்கிறார். ஓட்டுப் போட வந்தவர்கள் எல்லாம் ஜன்னலில் குவிந்து சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, லொவினா முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன், கல்யாணமான நாளிலிருந்து அவர் ஒரு தேர்தலையும் விட்டதில்லையாம். அந்தக் கொல்லன் டெல்பர்ட் உன் அப்பாவிடம், "பேசாம இரு நெல்ஸ். அந்த ஆள் வரலன்னா டூயிக்கு ஒண்ணு குறையும், பாலத்துக்கு எதிரா ஒண்ணு குறையும். ஒரே மழையில ரெண்டு லாபம்" என்றான். உன் அப்பா நேராக வெளியே போனார், திரும்பிப் பார்த்தால் நம் வண்டியில் இரண்டு குதிரைகளையும் பூட்டிக்கொண்டு ஓடையில் இறங்குகிறார்.

எனக்கு உயிர் போய்விட்டது தோரா. பெட்டியை விட்டு எழுந்து போகக் கூடாது என்று சத்தியம் செய்து கொடுத்திருக்கிறேன், அவரோ வயிறளவுத் தண்ணீரில் குதிரைகளை அதட்டிக்கொண்டு போகிறார். லொவினா மேஜைக்கு அடியில் என் கையைப் பிடித்துக்கொண்டாள், இரண்டு கட்சிக்கும் அந்த நேரத்தில் ஒரே கைதான். போகும்போது சரியாகப் போய்விட்டார், வெண்டெலை ஏற்றிக்கொண்டு திரும்பும்போது நட்ட நடு ஓடையில் சக்கரம் பாறையில் மாட்டிக்கொண்டு வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. வெண்டெல் நல்ல கோட்டோடு தண்ணீரில் குதித்து முன்னால் போய்க் குதிரையின் வாய்க்கயிற்றைப் பிடித்து இழுத்தார், உன் அப்பா பின்னால் தோள் கொடுத்தார். அந்த இடத்தில்தான் நாலு வருஷத்தில் முதல் பேச்சு. என்ன பேசினீர்கள் என்று பிறகு உன் அப்பாவிடம் கேட்டேன். வெண்டெல், "இடது பக்கத்துக் குதிரைக்கு லாடம் ஆடுது, பார்க்கக் கூடாதா?" என்றாராம். உன் அப்பா, "முதல்ல கரைக்கு இழு, அப்புறம் என் குதிரையைப் பத்திப் பேசு" என்றாராம்.

எப்படியோ கரையேறி வந்தார்கள். அடுப்புப் பக்கத்தில் நிறுத்தி ஆளுக்கொரு போர்வை சுற்றினோம். வெண்டெல் தொப்பி போன திசை தெரியவில்லை. பல் கிடுகிடுவென்று ஆட, லொவினாவின் பூப்போட்ட சால்வையைத் தோளில் போட்டுக்கொண்டு ஓட்டுப் போடும் திரைக்குப் பின்னால் போனவர் வெகுநேரம் வெளியே வரவில்லை. டெல்பர்ட், "என்ன வெண்டெல், தூங்கிட்டியா?" என்று கத்தினான். வெண்டெல் பிறகு வந்து சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டு யார் முகத்தையும் பார்க்காமல் அடுப்புக்கே போனார்.

ஓடை வடியவில்லை, வெண்டெலும் லொவினாவும் நம் வீட்டிலேயே தங்க வேண்டியதாயிற்று. உன் அறையைத்தான் கொடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே. மறுநாள் காலையில் வெண்டெல் ஜெயித்த முகத்தோடு சாப்பிட உட்கார்ந்தார், பத்திரிகைகள் எல்லாம் டூயிதான் என்று எழுதியிருந்தனவே. உன் அப்பாவும் தோற்ற மனுஷனாகக் காபி ஊற்றினார். பான்கேக் சுட்டுக்கொண்டே நான் ரேடியோவைத் திருகினால் டூயி தோல்வியை ஒப்புக்கொண்டார் என்று சொல்கிறான். வெண்டெல் கையில் முள்கரண்டி அப்படியே நிற்கிறது. உன் அப்பா என் கையிலிருந்து தட்டை வாங்கி, "இன்னும் ரெண்டு வெச்சுக்க வெண்டெல், நாலு வருஷம் தாங்கணும்ல" என்றார். லொவினாதான் முதலில் சிரித்தாள், குடியரசுக் கட்சிக்காரி. அப்புறம் வெண்டெல் தோள் குலுங்கியது, அழுகிறாரோ என்று பயந்தேன், இல்லை, சிரிப்புதான். அன்று மத்தியானமே இரண்டு பேரும் வாய்க்கால் விஷயத்தை மறுபடி எடுத்துச் சத்தம் போட ஆரம்பித்துவிட்டார்கள். ஒன்றும் தீரவில்லை. பேசாமல் இருந்தபோது வீடு அமைதியாகவாவது இருந்தது. ஓடையில் ஏன் இறங்கினாய் என்று டெல்பர்ட் கேட்டதற்கு உன் அப்பா, "அவன் ஓட்டு இல்லாம ஜெயிச்சா ஜெயிச்சதே இல்லன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிவான், அதான்" என்றார். அது முழு உண்மையில்லை என்பது எனக்குத் தெரியும், நானும் மேற்கொண்டு கேட்கவில்லை.

பாலத்து வரியும் ஜெயித்துவிட்டது, வசந்தத்தில் வேலை தொடங்குமாம். இனி முக்கியமான விஷயம். செவ்வாய் சாயங்காலம் நானும் லொவினாவும் சீட்டுகளைப் பிரித்து எண்ணியபோது ஒன்று மட்டும் நனைந்து ஊறி மற்றதோடு ஒட்டியிருந்தது. யாருடையது என்று சொல்ல வேண்டுமா? ட்ரூமனா டூயியா, பாலம் வேண்டுமா வேண்டாமா, எல்லாம் அதில் தெளிவாகக் குறித்திருந்தது. இருவரும் பார்த்தோம், ஒருவரை ஒருவர் பார்த்தோம், சேர வேண்டிய அடுக்கில் சேர்த்தோம். அந்தச் சீட்டில் என்ன இருந்தது என்று அன்றிலிருந்து உன் அப்பா என்னை நச்சரிக்கிறார். பால் கறக்கும்போது கேட்கிறார், ஜெபம் முடிந்ததும் கேட்கிறார். நான் சத்தியம் செய்தவள், வாயைத் திறக்க மாட்டேன்.

கர்த்தர் உன்னைக் காப்பாற்றட்டும், நல்ல தூக்கமும் நல்ல சிநேகிதர்களும் தரட்டும். அந்தச் சிகாகோ டாக்டரைப் பற்றி இரண்டாவது தடவையாக எழுதியிருக்கிறாய், கவனித்தேன். மூன்றாவது தடவை எழுதும்போது அவன் குடும்பத்தைப் பற்றியும் எழுது. இருமலுக்குத் தேனை மறக்காதே.

கடிதத்தின் அடியில் தானும் இரண்டு வரி எழுத வேண்டும் என்று உன் அப்பா அவசரமாகக் கேட்கிறார். நீ பிறந்ததிலிருந்து உனக்கு ஒரு வரி எழுதியறியாத மனுஷன். அந்த ஈரச் சீட்டைப் பற்றி உன்னிடமாவது சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறார். உறையை ஒட்டாமலே கையில் கொடுக்கப் போகிறேன், படித்துப் பார்க்கட்டும்.

உன்னையே நினைத்திருக்கும் அம்மா,
ஆல்மா டோலஃப்சன்