கிழிந்த பாசி விரிப்பு

செச்சோவ்லே உப்பளம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் நெவெங்காவுக்கு, உப்பு வாடையோடு உன் அப்பா எழுதுவது.

இங்கே நாங்கள் நலம். உன் அம்மாவின் முழங்கால் வலியும் நலமாகவே இருக்கிறது, விட்டுப் போகவில்லை.

நீ வளர்த்த பாசியெல்லாம் ஆய்வுக்கூடத்தில் செத்துவிட்டது, படிப்பை விட்டுவிட்டு இங்கே ஓட்டல் வேலைக்கு வருகிறேன் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த கையோடு ஒரு முட்டாள்தனம் செய்தேன். மழைக்கு முன் உப்பை வழித்துவிட ஓடியவன், காலில் பலகைச் செருப்பு கட்ட மறந்து பூட்ஸோடு பாத்தியில் இறங்கிவிட்டேன். பாத்தியின் அடியில் படர்ந்து, உப்பில் சேறு ஏறாமல் காக்கும் பாசி விரிப்பு ஒரு கதவளவுக்குக் கிழிந்து போனது.

"ஏங்க, கால்ல குளம்பா முளைச்சிருக்கு?" என்று கரையிலிருந்து அம்மா கத்தினாள். பக்கத்துப் பாத்தி ஸ்டானே விடுவானா? "விர்ஜில் அண்ணே, இந்த வருஷம் கறுப்பு உப்பா? புதுசா இருக்கே!" என்றான்.

கிழிந்த துண்டை எறிய மனமில்லாமல், உன் அறையில் கிடந்த பழைய நுண்ணோக்கியில் வைத்தேன். முதலில் தெரிந்தது என் இமை மயிர். புது உயிர் கண்டுபிடித்துவிட்டேன் என்று அம்மாவைக் கூப்பிட்டேன். "அதுக்கும் நரை விழுந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிறகுதான் பார்த்தேன். பச்சை நூல்கள், கற்றை கற்றையாக. அவை நகர்ந்தன, மகளே! கண்ணில்லை, காலில்லை, ஒன்றையொன்று உரசிக்கொண்டு வெளிச்சத்தின் பக்கம் ஊர்ந்தன. நாம் இழுக்கும் மூச்சில் ஏறக்குறைய பாதி கடலில் மிதக்கும் இவற்றின் உறவுக்காரர்கள் தருவது என்று நீ சொன்னபோது, "அப்போ பாசிக்கு மாலை போடு" என்று சிரித்தவன் நான். நுண்ணோக்கியில் பார்த்த அன்று மூச்சு விடவே கூச்சமாக இருந்தது. பிறந்ததிலிருந்து இதன்மேல் நடக்கிறேன், ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

பாத்தியில் உப்புநீரைத் தேக்கி, யாரையும் இறங்கவிடாமல் பல நாள் காத்தேன். இன்று காலை பார்த்தால், ஓரங்களிலிருந்து பச்சை படர்ந்து, நடுவில் கையகலக் கிழிசல்தான் மிச்சம். யார் தைத்தார்கள்? ஸ்டானே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றான். கேலி செய்யக்கூட மறந்துவிட்டான்.

நீ வருவதானாலும் வா. உன் கட்டில் அப்படியே இருக்கிறது. வருமுன் உன் ஆய்வுக்கூடக் குப்பிகளின் அடியில் துளிப் பச்சை மிச்சமிருக்கிறதா என்று இன்னொரு முறை பார்த்துவிடு. இருந்தால், யாரையும் பூட்ஸோடு இறங்கவிடாதே, உன்னையும்தான்.

வெளிச்சம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம் உன்னைக் கடவுள் நகர்த்தட்டும்.

உன் அப்பா,
குளம்புக்கால் விர்ஜில்