சார் வருகிறார் என்று வாங்கிய ஃபேன்

தம்பிக்கு,

அப்பா பெயரிலுள்ள நம் அறக்கட்டளை ஸ்நேகாவின் நர்சிங் படிப்புக்கு உதவாது என்று, நீ சொன்னபடியே கவரைப்பேட்டையில் அவள் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டேன்.

"ஃபேன், நாலு நாற்காலி. இவர்களா ஏழைகள்?" என்று அன்று அந்த வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது காரில் கேட்டாயே, எல்லாம் உனக்காக அக்கம்பக்கத்தில் இரவல் வாங்கியவை.

"சார் வேர்வையில குந்திகினு இருப்பாரேன்னு வாங்கியாந்தோம்மா," என்றாள் அவள் அம்மா ஆரோக்கியமேரி. கம்பெனி மெஷினில் கையை இழந்த அவள் கணவன் சிரித்தான். "தரையில குந்த வைடின்னேன். கேட்டாளா?"

உன்னிடம் மறுபடி பேசுகிறேன் என்றேன். வேண்டாமாம். கல்லூரியில் பணம் கட்டும் நாள் தாண்டிவிட்டது. ஸ்நேகா திங்கட்கிழமையே வேலைக்குப் போய்விட்டாள், தன் அப்பாவின் கையை எடுத்த அதே கம்பெனிக்கு.

வாசல்வரை வந்து ஆரோக்கியமேரி சொன்னாள்: "அவ்ளோ பெரிய மனுசன் எங்க ஊடு தேடி வந்தாரே, தேங்ஸ் சொல்லிடுங்கம்மா."

சொல்லிவிட்டேன்.

உன் அக்கா