ஒரு வகுப்புக்கு இரண்டு மிஸ்

இன்று காலை ஆபீசில் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வெறுங்காலோடு உள்ளே போய்விட்டேன். புதிதாக வாங்கிய கம்ப்யூட்டர்களை ஓர் அறையில் வரிசையாக வைத்திருந்தார்கள். கதவைத் திறந்ததும் புது பிளாஸ்டிக் வாசனையும் ஏசிக் குளிரும் சேர்ந்து முகத்தில் அடித்தன. அவ்வளவுதான், கால் தானாகச் செருப்பை உதறிவிட்டது. கூட வந்த பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவள், “மேடம், இது என்ன பூஜை ரூமா?” என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் தரையின் ஜில்லிப்பு உள்ளங்காலில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். அதற்குப் பிறகு ஒரு வேலையும் ஓடவில்லை.

நம் பள்ளிக்கூடத்துக்கு யாரோ தானமாகக் கொடுத்த அந்த ஒற்றைக் கம்ப்யூட்டருக்கு நீ செய்த மரியாதை கொஞ்சமா? “தூசி பட்டா செத்துடுமாம்” என்று சொல்லி வாசலிலேயே எல்லாருடைய செருப்பையும் கழற்ற வைத்தாய். பழைய ஜன்னல் திரையை வெட்டி அதற்கு உறை தைத்தாய். ஆயுத பூஜைக்குத் திரையின் நட்டநடுவில் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு, பிள்ளைகளைக் கும்பிடச் சொன்னாய். பூஜை போட்ட ஆயுதத்தைத் தொடக்கூடாது என்று லீவு முடிந்து வந்த அன்றும் அதைத் தொட விடவில்லை. அன்றைக்குத்தான் ஐந்தாம் வகுப்புக்குக் கம்ப்யூட்டர் பீரியட். பிள்ளைகள் உறை போட்ட பெட்டியைச் சுற்றி உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அதைப் பார்த்துவிட்டு எழுந்து போனார்கள்.

உன் பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு மாதம் ஆகிறது. அன்று நம் ஹெட்மிஸ்ட்ரஸ் பெரிய மிஸ் என்னிடம் ஒன்று சொன்னார். மெல்லவும் முடியாமல் விழுங்கவும் முடியாமல் அதை வைத்துக்கொண்டு திண்டாடுகிறேன். உன்னைக் கேட்டால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். கேட்க நீ இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

தொண்ணூற்றொன்றில், கல்யாணமான கையோடு, தருமபுரிப் பக்கத்திலிருந்து பெங்களூர் வந்து அந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். சிவாஜிநகர் பஸ் ஸ்டாண்டில் இறங்கி, கறிக்கடை வரிசையைத் தாண்டி, துணிக்கடைச் சந்தில் திரும்பினால் நம் கேட். நான் டிகிரி படித்தவள், இங்கிலீஷ் வரும் என்று எடுத்தார்கள். நீ டீச்சர் ட்ரெய்னிங் முடித்து எனக்கு நாலு வருஷம் முன்பே அங்கே இருந்தவள். வயது நம் இருவருக்கும் ஒன்றுதான். முதல் நாள் நான் பேசியதை வாய் பிளந்து கேட்டுவிட்டு, “இன்னா மிஸ், தமிழ் இவ்ளோ சுத்தமா கீது? இத வச்சிக்கினு இங்க கத்திரிக்காகூட வாங்க முடியாதே” என்றாய். எனக்குச் சுருக்கென்றது. மத்தியானம் உன் டப்பாவிலிருந்து பாதிச் சித்ரான்னத்தை என் மூடியில் தள்ளிவிட்டு, கேட்காமலே என் கத்திரிக்காய்ப் பொரியலை எடுத்துக்கொண்டாய். சாயங்காலத்துக்குள் வாடி போடி என்றாகிவிட்டது.

அந்த டிசம்பரில் காவிரித் தகராறு ஊரைப் பிடித்துக்கொண்டது. பாதி நாளில் பள்ளிக்கூடத்தை மூடிப் பிள்ளைகளை அனுப்பிவிட்டார்கள். நீதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, “வாய மூடிக்கினு வா. யாராச்சும் எதுனா கேட்டா ‘ஹௌது’ன்னு சொல்லு, ஆமான்னு அர்த்தம், போதும்” என்றாய். வழி நெடுக நீயே கன்னடத்தில் பேசிக்கொண்டு வந்தாய், உன் மாமியார் எப்படி உப்புச் சாறு என்கிற ரசம் வைப்பாள் என்று பேசினாயாம். எதிரே கும்பல் வந்தது. நான் பயத்தில் ஹௌது, ஹௌது என்று தலையாட்டிக்கொண்டே வந்தேன். என் வீட்டு வாசலில் விட்ட பிறகுதான் சொன்னாய், “உன் சமையலு வாயில வைக்க முடியாதுன்னு சொன்னேன், அதுக்கும் ஹௌதுன்னியே” என்று. அழுதுகொண்டே சிரித்தேன். அன்றிலிருந்து உன்மேல் எனக்கு இருந்த நம்பிக்கைக்கு அளவே இல்லை. இப்போது அதுதான் என்னைப் போட்டு வதைக்கிறது.

நம் வகுப்பைச் சொன்னால் ஆபீசில் யாரும் நம்புவதில்லை. மழைக்கு ஒழுகுகிறது என்று உன் பிரிவையும் என் பிரிவையும் ஒரே அறையில் போட்டார்கள். கூரையைச் சரி செய்த பிறகும் நாம் பிரியவில்லை. பெற்றவர்களுக்கு இங்கிலீஷ் வேண்டும், பிள்ளைகளுக்குத் தமிழ்தான் புரியும். அதனால் நான் இங்கிலீஷில் ஒரு வரி சொல்வேன், நீ அதைத் தமிழில் பிடித்துக்கொள்வாய். நடுவில் ஒருத்தன் கன்னடத்தில் கேள்வி கேட்பான், பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி உருதுவில் பதில் சொல்வாள். எது எந்த மொழி என்று அங்கே யாரும் பார்க்கவில்லை.

பாடம் முடிந்தால் ‘புரிஞ்சுதா’ என்று நீ கேட்டதே கிடையாது. கேட்டால் எல்லாரும் “எஸ் மிஸ்” என்று பாட்டாகப் பாடுவார்கள் என்று உனக்குத் தெரியும். யாரையாவது எழுப்பி, “இத உங்க அம்மாவுக்குச் சொல்லு” என்பாய். நீதான் அம்மா. இடுப்பில் முந்தானையைச் செருகிக்கொண்டு, அடுப்பு வேலையாய் இருக்கிற மாதிரி திரும்பி நிற்பாய். “மா, காலைல தொவச்சிப் போட்டியே துணி, அதுல இருந்த தண்ணி எங்க போச்சி சொல்லு?” “எங்கடா போச்சி? கீழ ஊத்திக்கிச்சி.” “இல்லமா, மேல போச்சி, கண்ணுக்குத் தெரியாது!” அம்மா ஒத்துக்கொள்கிற வரை பிள்ளை உட்கார முடியாது. நீ லேசில் ஒத்துக்கொள்ள மாட்டாய்.

தொண்ணூறுகளின் கடைசியில் நம் பெஞ்சுகள் காலியாகத் தொடங்கின. பெற்றவர்கள் பிள்ளைகளை முழு இங்கிலீஷ் பள்ளிக்கூடங்களுக்கு மாற்றினார்கள். அந்தச் சமயத்தில்தான் பள்ளிப் பாடங்களைச் சிடியில் போடுகிற கம்பெனிக்காரர் ஒருவர் வந்து, நம் வகுப்பில் பின்னால் உட்கார்ந்து பார்த்தார். கொஞ்ச நாள் கழித்து என்னைக் கூப்பிட்டு வேலை கொடுப்பதாகச் சொன்னார். இரண்டு மொழியில் பாடம் எழுதித் தர வேண்டும், ஆபீஸ் ஆடுகோடிப் பக்கம், சம்பளம் நான் கேட்க நினைத்ததைவிட அதிகம்.

உன்னிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. சொன்னபோது நீ கண்ணை அகல விரித்தாய். “அப்படியா! எந்தக் கம்பெனி? அன்னிக்கி வந்தாரே, அவரா?” பிறகு, “மெஷினுக்குப் பாடம் சொல்லிக் குடுக்கப் போறியா? அது ‘எஸ் மிஸ்’ கூட சொல்லாதேடி” என்றாய். போகாதே என்றும் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை. பிரிவு உபசாரத்தன்று பூந்தி லட்டும் மிக்ஸரும் உன் கையாலேயே எல்லாருக்கும் கொடுத்தாய், என் தட்டில் மட்டும் இரண்டு லட்டு வைத்தாய். உன்னைத் தனியாக விட்டுப் போகிறேனே என்று அன்று பஸ்ஸில் அழுதபடியே போனேன்.

புது வேலையில் முதலில் எனக்கு ஒன்றும் ஓடவில்லை. திரையின் மூலையில் ஒரு பட்டன். அழுத்தினால் பாடம் தமிழில் பேசும், இன்னொரு முறை அழுத்தினால் இங்கிலீஷில் பேசும். “ஒரே வரியில் இரண்டும் வர வேண்டும்” என்றேன். “எந்த மொழி என்று குழந்தை முதலில் தேர்ந்தெடுக்கட்டும் மேடம்” என்றார்கள். நம் வகுப்பில் எந்தக் குழந்தை தேர்ந்தெடுத்தது? ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நீராவி மேலே போவதைப் படமாகத் திரையில் பார்த்தபோது, நானும் நீயும் கையை ஆட்டி ஆட்டிக் காட்டியதெல்லாம் எவ்வளவு குறைச்சல் என்று தோன்றியது. வேலை பிடித்தும் இருந்தது, பிடிக்காமலும் இருந்தது. இன்றைக்கும் அப்படித்தான் இருக்கிறது.

முதல் சிடி வந்ததும் நம் பள்ளிக்கூடத்துக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தேன். செருப்பெல்லாம் வெளியே, பிள்ளைகளெல்லாம் தரையில். ஒரு பெண் மவுஸைப் பிடித்து எல்லாக் கேள்விக்கும் சரியாகப் பதிலை அழுத்தினாள், திரையில் கைதட்டல் வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. நீ முந்தானையைச் செருகிக்கொண்டு எழுந்தாய். “எங்க, இத உங்க அம்மாவுக்குச் சொல்லு.” அவள் உன்னைப் பார்த்தாள், திரையைப் பார்த்தாள். பிறகு மவுஸை நகர்த்தித் தமிழ் பட்டனை அழுத்திவிட்டு, சொல்லியாயிற்று என்கிற மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். திரை உனக்குத் தமிழில் பாடம் சொன்னது.

நீ சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாய். “பரவால்லடி, அம்மாவுக்கு நல்லாத்தான் சொல்லுது” என்றாய். அது என்ன சிரிப்பு என்று அன்று முழுக்க யோசித்தேன். என் வேலையைப் பார்த்த சந்தோஷமா, இல்லை பார்த்தாயா நான் சொன்னேனே என்கிற குத்தலா? கேட்கத் தைரியம் வரவில்லை. உன்னை விட்டு வந்தவள் என்கிற உறுத்தல் வேறு. வருகை மெல்ல மெல்லக் குறைந்து, தீபாவளிக்குத் தீபாவளி போன் என்று ஆனது. உனக்கு உடம்பு முடியாமல் போனதே எனக்குக் கடைசியில்தான் தெரிந்தது.

பதினாறாம் நாளுக்கு, நீங்கள் கட்டிக்கொண்டு போன சந்தாபுரா வீட்டுக்கு வந்தேன். உன் படத்துக்குச் சாமந்தி மாலை போட்டிருந்தார்கள். பந்தியில் பெரிய மிஸ் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரிட்டையர் ஆகிவிட்டதால் இப்போது எதையும் மறைப்பதில்லை. வடையைப் பிட்டுக்கொண்டே சொன்னார்.

“அந்தக் கம்பெனிக்காரரு மொதல்ல கேட்டது உன்ன இல்லமா, இவளத்தான். நான் பக்கத்துல இருந்தேன். ‘எனக்கு வேணாம் சார், எனக்கு இங்கிலீஷு வராது, அந்த மிஸ்ஸ கூப்புடுங்க. ஆனா நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க’ன்னா.”

அவர் இன்னும் முடிக்கவில்லை.

“அதுக்கு முந்தின வாரந்தான் அவகிட்ட சொல்லியிருந்தேன், பிள்ளைங்க கொறஞ்சிடுச்சி, உங்க ரெண்டு பேர்ல ஒரு போஸ்ட்டுதான் நிக்கும்னு. யாருன்னு மேனேஜ்மெண்டு முடிவு பண்ணல. சர்வீசு அவளுக்கு, டிகிரி உனக்கு. உன்கிட்ட சொல்றதுக்குள்ள நீயே ராஜினாமா குடுத்துட்ட. எனக்கும் ஒரு தலவலி விட்டுது.”

இப்போது நீயே சொல், நான் இதை என்னவென்று எடுத்துக்கொள்வது? வேலை போய் நடுத்தெருவில் நிற்கப் போகிறாளே என்று எனக்காகப் பதறி, உனக்கு வந்த நல்ல வேலையை என் பக்கம் தள்ளிவிட்டாய் என்று ஒரு நாள் நினைக்கிறேன். அன்றைக்கெல்லாம் உன் படத்துக்கு விளக்கேற்றலாம் போல இருக்கிறது. மறுநாள் காலையில், டிகிரிக்காரியைத்தான் வைத்துக்கொள்வார்கள் என்று பயந்து, என்னைப் பக்குவமாக வெளியே அனுப்பிவிட்டாய் என்று தோன்றுகிறது. இங்கிலீஷ் வராதாம்! எட்டு வருஷம் என் பக்கத்தில் நின்று, நான் தடுமாறுகிற இடத்தில் அடுத்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தவள் நீதானே? ஒருவேளை இரண்டும் இல்லை, அந்தப் பிள்ளைகளை விட்டு வர உனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதானோ? அப்படியானால் என்னால் மட்டும் விட்டு வர முடியும் என்று எதை வைத்து முடிவு செய்தாய்?

அதைவிட, அந்த நடிப்புதான் ஆறவில்லை. கண்ணை அகல விரித்து “அப்படியா!” என்றாயே. எல்லாம் தெரிந்துகொண்டு கேட்டாயே, எந்தக் கம்பெனி என்று. உன்னை விட்டு வந்துவிட்டேன் என்று இத்தனை வருஷம் நான் குமைந்ததற்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் மருந்தாகியிருக்கும். தீபாவளி போனிலாவது சொல்லியிருக்கலாம். “எப்படி கீற? உன் மெஷின் படிக்குதா?” என்று கேலி பேசிவிட்டு வைத்துவிடுவாய்.

நீ எதற்காகச் செய்திருந்தாலும், இந்த வேலை எனக்குப் பிழைப்பைக் கொடுத்தது. என் மகள் இதில்தான் படிக்கிறாள். அந்த நன்றியை யாருக்குச் சொல்வது என்று தெரியவில்லை, கோபத்தை யார்மேல் காட்டுவது என்றும் தெரியவில்லை. இரண்டுக்கும் விலாசம் நீதான்.

ஒன்று மட்டும் எனக்குக் குழப்பம் இல்லாமல் தெரியும். அன்றைக்கே நீ உண்மையைச் சொல்லியிருந்தால் உன்னோடு பெரிய சண்டை போட்டிருப்பேன். நீ போ, நான் போகமாட்டேன் என்று ஸ்டாஃப் ரூம் கிடுகிடுக்கக் கத்தியிருப்போம். ஒரு வாரம் பேசாமல், டப்பாவைத் தனித்தனியாகத் திறந்து சாப்பிட்டிருப்போம். கடைசியில் நானேதான் போயிருப்பேன், ஆனால் தெரிந்து போயிருப்பேன். அந்தச் சண்டையை நீ எனக்குத் தரவே இல்லை. அது போடப்படாமல் என்னோடேயே வந்துகொண்டிருக்கிறது. ஆடுகோடி சிக்னலில் பஸ் நிற்கும்போதெல்லாம் மனசுக்குள் தொடங்கிவிடுகிறேன். என் பக்கத்து நியாயம் மளமளவென்று வருகிறது. உன் முறை வந்ததும், நீ என்ன சொல்வாய் என்று தெரியாமல் அப்படியே நின்றுவிடுகிறது.