சுவர்ணா தட்டிவிட்டுப் போனது

9 ஜூன் 2025, திங்கள்

மதியம் மதீசன் கடைக்கு வந்தான். இருபது வருஷம் கழித்து. நாங்கள் சேர்ந்து டெக்னோ இசை போட்ட காலத்தில் இரண்டு பேருக்கும் தலைநிறைய முடி. இப்போது எனக்கு ஈப்போவில் எலக்ட்ரிக் கடை, அவனுக்குப் பக்கத்து ஊரான பத்து காஜாவில் பென்ஷன். மனைவி சுவர்ணா இறந்தபின் இசைப் பக்கமே வராதவன், நேராகக் கேட்டான்.

"மச்சான், அந்த டிரம் மெஷின் இருக்கா? சுவர்ணா தட்டுனது உள்ள இருக்கா?"

இருக்கு என்றேன். பழைய தோட்டத்து ரப்பர் கொட்டகையில் நாங்கள் வாசித்த அன்று, அவள் விளையாட்டாக மெஷின் பட்டன்களில் விரலால் தட்டிப் பதிந்த தாளம். அதை வைத்து இன்னும் ஒரே ஒரு டிராக் செய்ய வேண்டுமாம். வேறு எந்தப் பதிவிலும் அவள் இல்லை.

12 ஜூன்

அழிச்சிட்டேன்.

இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பேட்டரி மாற்றுவேன், மெஷினை ஆன் செய்து வைத்துக்கொண்டு. இல்லாவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும். இன்று அவனுக்குக் கொடுக்கப் போகிறோமே என்று துடைத்து, விற்கிற சாமான் மாதிரி, கரண்ட் இல்லாமலே மாற்றினேன். இத்தனை வருஷம் காப்பாற்றியவன் ஒருதடவையாவது போட்டுக் கேட்டேனா? இல்லை. பயம்.

எப்படிச் சொல்வது அவனிடம்?

13 ஜூன்

கடை ஷட்டரை ஏற்றும்போது காதில் அதே தாளம். கால்குலேட்டர் பட்டனிலும் விரல் அதையே தட்டுகிறது.

15 ஜூன், ஞாயிறு

ஞாபகத்திலிருந்து நானே தட்டிப் பதிந்து எடுத்துப் போனேன். பொய்தான். கூரை பாதி போன அதே கொட்டகையில் ஸ்பீக்கர் வைத்தோம். மதீசன் கண்ணை மூடிக் கேட்டான். முடிந்த பிறகும் எதையோ எதிர்பார்த்தவன் மாதிரி நின்றான்.

"இதுதான் லா," என்றான். என்னைப் பார்க்கவில்லை.

22 ஜூன்

அன்றும் இன்றும் எங்கள் வழக்கம் ஒன்றுதான். இது சரியில்லை என்று வாயால் சொல்ல மாட்டோம். திருத்தித் திருப்பி அனுப்புவோம்.

காலையில் அவன் செய்த டிராக்கின் ஃபைல் வந்தது. என் தாளம் அப்படியே. ஆனால் தாளச் சுற்று முடிகிற இடத்தில், கொஞ்சம் தள்ளி, மெல்லிசாக ஒரு தட்டு. திரும்பப் போட்டுக் கேட்டேன். "போதும், போலாம்" என்று சிரித்துக்கொண்டே சுவர்ணா அன்று கடைசியில் கூடுதலாகத் தட்டியது. நான் மறந்தே போனது.

அதை அவன் தன் விரலால் தட்டிச் சேர்த்திருக்கிறான்.

அந்த ஒரு தட்டை மட்டும் கொஞ்சம் சத்தம் கூட்டித் திருப்பி அனுப்பினேன்.